எட்டு மணிக்கு முன்னால்

படுக்கை விரிப்பை அக்கா ஒரே உதறலில் விரிப்பார். இரண்டு முனைகளைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கி ஒரே ஒரு உதறு. துணி காற்றை வாங்கிக்கொண்டு மெத்தையின் மேல் நான்கு பக்கமும் சரியாக இறங்கும். மற்றப் பெண்கள் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து இழுத்துவிட்டுக்கொண்டிருப்பார்கள். முதன்முதலாக அதைப் பார்த்தபோது நான் சுவரோரம் ஒரு நாற்காலியில், மடியில் நோட்டும் கையில் கைப்பேசியுமாக உட்கார்ந்திருந்தேன். கைப்பேசியில் வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. ‘விரிப்பு: நாற்பது வினாடி’ என்று எழுதிக்கொண்டேன்.

அப்போது செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. கடைசி ஆண்டு. மேலாண்மைக் கட்டுப்பாடு என் சிறப்புப் பாடம். பெயரைக் கேட்டதுமே அம்மா, “யாரைக் கட்டுப்படுத்தப் போறே? முதல்ல உன் வாயைக் கட்டுப்படுத்து” என்றார். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்தான். அது அவசியப்பட்ட ஒரே ஒரு நாளில் எங்கே போயிற்று என்பதைத்தான் சொல்ல வருகிறேன். அந்தப் பாடம் சொல்வது சிக்கலானதொன்றும் இல்லை. மேலே இருக்கிறவர்கள் நினைத்தது கீழே நடக்கிறதா என்று பார்ப்பது எப்படி? ஒரு வேலைக்கு இவ்வளவு நேரம் என்று முதலில் ஒரு அளவு வைக்க வேண்டும். நடந்ததை அதோடு ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்கு ‘மாறுபாடு’ என்று பெயர். மோசமான மாறுபாடும் உண்டு, நல்ல மாறுபாடும் உண்டு. எங்கள் பேராசிரியர் ஒன்று சொல்வார்: “மோசமா வந்தா எல்லாரும் ஏன்னு கேப்பான். நல்லா வந்தா ஒருத்தனும் கேக்க மாட்டான். நீங்க கேளுங்க.” அதைத் தேர்வில் அடிக்கோடு போட்டு எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன்.

கடைசிப் பருவத்தில் ஏதாவதொரு நிறுவனத்துக்குப் போய் ஆய்வு செய்ய வேண்டும். எனக்குக் கிடைத்தது மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த ஒரு விடுதி. அறைகளைச் சுத்தம் செய்யப் பத்தொன்பது பெண்கள் இருந்தார்கள். எல்லோரும் பக்கத்துக் குப்பங்களிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவர்கள். ஓர் அறைக்கு எவ்வளவு நேரம் ஆகலாம் என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் ஆய்வு. மேலாளர் அவர்களில் ஒருவரை எனக்குக் காட்டிவிட்டார், நான் அக்கா என்று கூப்பிட்டவரை. “இவங்கதான் இங்க நம்பர் ஒன். இவங்களை வெச்சே பண்ணுங்க” என்றார். ஒருவரை மட்டும், அதுவும் இருப்பதிலேயே கெட்டிக்காரரை மட்டும் அளந்து அளவு வைக்கக் கூடாது என்று முதல் பாடத்திலேயே இருக்கிறது. எனக்கு அது தெரியாதா? தெரியும். பத்தொன்பது பேர் பின்னாலும் யார் ஓடுவது என்று இருந்துவிட்டேன்.

முதல் வாரம் ஓர் அறைக்கு முப்பத்தெட்டு நிமிடம் ஆயிற்று. குளியலறைக்கே பாதி நேரம் போய்விடும். அந்த வாரக் கடைசியில், அக்கா தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே கேட்டார்: “டெய்லி இன்னா பாப்பா எய்திகினு கீற? என்ன வெச்சி இன்னாத்துக்கு இம்மாம் எய்த்து?” இந்தக் கணக்கு மேலாளர் கைக்குப் போகும், இதை வைத்து ஆளுக்கு இத்தனை அறை என்று முடிவு செய்வார்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். “இது எனக்குப் பரீட்சை மாதிரிக்கா. இதுல நல்லா வந்தாத்தான் மார்க்கு” என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அக்கா உறையை மாட்டி முடித்து, தலையணையை ஒரு தட்டுத் தட்டி வைத்துவிட்டு, “அப்டியா சங்கதி” என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

அடுத்த வாரம் முப்பத்தொன்று. அதற்கடுத்த வாரம் இருபத்தேழு. பிறகு இருபத்துநாலில் வந்து நின்றது. செய்யச் செய்யக் கை வேகம் கூடும் என்பதற்கு எங்கள் பாடத்தில் ஒரு கோடு உண்டு, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிந்து வரும். என் வரைபடம் புத்தகத்தில் இருப்பதைவிட அழகாக வந்தது. வீட்டில் சாப்பாட்டு நேரத்தில்கூட அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வருடமாக அதே வேலையைச் செய்கிற ஒருவருக்கு, நான் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் எப்படி ஐயா புதிதாகக் கை வேகம் கூடும்? ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும்.

அறிக்கை கொடுக்க நான்கு நாள் இருக்கும்போது அக்காவின் நாத்தனார் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். அவரும் அங்கே வேலை செய்கிறவர்தான். “பாப்பா, உனக்குத் தெரியுமா தெரியாதா? அது ஆறு மணிக்கே வந்து பாத்ரூமெல்லாம் தேய்ச்சி வெச்சுடுது. டீ கூட குடிக்கிறதில்ல. கேட்டா, அந்தப் படிக்கிற பொண்ணு பாஸ் ஆவணும்ன்றா. லூசு மாதிரி பண்ணிகினு கீறா, நீயாவது சொல்லேன்” என்றார். மறுநாள் செங்கல்பட்டிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்துப் போனேன். ஆறு மணி தாண்டியிருந்தது. காலியாக இருந்த ஓர் அறையில் அக்கா குளியலறைத் தரையில் முட்டி போட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூலைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. என்னை அவர் பார்க்கவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. திரும்பிக் கடற்கரைக்குப் போய் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்துவிட்டு, எட்டு மணிக்கு வந்து நாற்காலியில் அமர்ந்து கைப்பேசியை அமுக்கினேன். இருபத்துநாலு நிமிடம்.

அறிக்கையின் கடைசியில் ‘ஆய்வின் வரம்புகள்’ என்று ஒரு பகுதி இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை என்பது எழுதுகிறவர்களுக்கும் தெரியும், வாங்குகிறவர்களுக்கும் தெரியும். அதில் ஒரு வரி சேர்த்தேன்: ‘சில ஆயத்த வேலைகள் அளவீட்டு நேரத்துக்கு வெளியே நடந்திருக்கலாம்.’ அந்தக் ‘கலாம்’ போட்டதும் நிம்மதியாகத் தூங்கினேன். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இவ்வளவு நல்லா வருதே, ஏன்?” என்று கேட்டார். “பயிற்சியால வர்ற வேகம் சார்” என்றேன். என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். அந்த விடுதிக்காரர்களின் சென்னைத் தலைமை அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. வழியில் இறங்கி இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நான் வேலையில் சேர்ந்த அந்த மாதமே இருபத்துநாலு நிமிடம் விடுதியில் சட்டமாயிற்று. அதுவரை ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினோரு அறை, இனிமேல் பதினாறு. பத்தொன்பது பேர் தேவையில்லை, பதின்மூன்று பேர் போதும். வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆறு பேரில் நாத்தனாரும் ஒருவர். குப்பத்தில் பழி முழுக்க அக்கா மேல் விழுந்தது. ஓடிக் காட்டி ஊர்ப் பொழப்பைக் கெடுத்தவள் என்று பெயர். ஷேர் ஆட்டோவில் அவருக்கு இடம் விடமாட்டார்களாம். கடற்கரை மணலில் நடந்தே வேலைக்குப் போயிருக்கிறார். பதினாறு அறையை அவராலும் முடிக்க முடியவில்லை. முடியாதுதான், அந்த அளவே பொய் அல்லவா? ஆகவே தினமும் ஐந்தரைக்கே பின்பக்க வாசல் வழியாக உள்ளே போய்விடுவார். கைரேகை வைக்கும் இயந்திரம் எட்டு மணிக்குத்தான் வேலை செய்யும். அதற்கு முன்னால் அவர் செய்ததெல்லாம் யார் கணக்கிலும் இல்லை.

ஐப்பசி மழையில் ஒரு காலை. நேரம் மிச்சம் பிடிக்க, கழிப்பறை ஆசிட்டையும் வெளுக்கும் மருந்தையும் ஒன்றாக ஊற்றித் தேய்த்திருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் கிளம்பும் புகை மூச்சைப் பிடிக்கும். மழைச் சாரலுக்காக ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார். அவர் அந்த அறையில் இருப்பது ஒருவருக்கும் தெரியாது. எட்டரைக்கு யாரோ கதவைத் திறந்தபோது தரையில் கிடந்தார். உயிர் பிழைத்தார், நுரையீரல் பிழைக்கவில்லை. பத்தடி நடந்தால் உட்கார வேண்டும் என்று ஆகிவிட்டது. இழப்பீடு கேட்டபோது, அன்றைக்கு அவர் கைரேகையே வைக்கவில்லை, அவர் வேலையிலேயே இல்லை, அனுமதி இல்லாமல் நுழைந்திருக்கிறார் என்று விடுதி பதில் கொடுத்தது. தினமும் அவரை உள்ளே விட்ட பின்வாசல் காவலாளி தன் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். வேலையில் மிச்சமிருந்த பெண்கள் வாயைத் திறக்கப் பயந்தார்கள். வேலை போனவர்கள் சொன்னால் அது கோபத்தில் சொல்வது என்று தள்ளிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் செங்கல்பட்டில் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. “தா பாரு பாப்பா, எனக்கும் அதுக்கும் பேச்சே கெடையாது. என் பொழப்பு போனது அதாலதான். ஆனா வூட்ல மூச்ச இஸ்துகினு குந்திகினு கீது, கண்ணால பாக்க முடியல. டெய்லி முன்னாலயே வரும்னு உங்கிட்ட நான்தான சொன்னேன்? நீயும் அத எய்தின இல்ல? லேபர் ஆபீசர் முன்னால வந்து அத மட்டும் சொல்லிடு. நீ படிச்ச பொண்ணு, நீ சொன்னா எடுத்துக்குவாங்க.” வருகிறேன் என்றேன். சத்தியமாக, சொல்லிவிடும் எண்ணத்தில்தான் சொன்னேன்.

இதில் ஒன்றைத் தெளிவாக எழுதிவிட வேண்டும். என்னை யாரும் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் இன்று சாக்குச் சொல்ல வசதியாக இருந்திருக்கும். அலுவலகத்தில் என் மேலதிகாரி, “போய்ட்டு வாங்க. என்ன எழுதினீங்களோ அதை மட்டும் சொல்லுங்க” என்றார், அவ்வளவுதான். பார்த்தேன் என்று நான் சொன்னால், பொய் என்று தெரிந்தே ஓர் அளவைக் கொடுத்தவள் ஆவேன். அந்த அறிக்கைதான் எனக்குப் பட்டம், அதுதான் எனக்கு வேலை. இன்றும் அதே துறையில்தான் இருக்கிறேன், எனக்குக் கீழே நான்கு பேர் இருக்கிறார்கள். அக்கா இன்று உயிரோடு இல்லை, இரண்டு மழைக்காலம் தாங்கினார், மூன்றாவதைத் தாங்கவில்லை. நல்ல மாறுபாட்டோடு யாராவது வந்தால் ஏன் என்று கேட்கிறேன். அவர்கள் என்னைக் கெடுபிடிக்காரி என்கிறார்கள்.

அந்த இழப்பீட்டு விசாரணை நடந்தது செங்கல்பட்டில், தொழிலாளர் துறை அலுவலகத்தின் ஒரு மாடி அறையில். அக்கா பெஞ்சின் ஓரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் பழையபடி முகமெல்லாம் சிரிப்பு. அதிகாரி என் அறிக்கையைப் புரட்டி அந்த வரியைக் கண்டுபிடித்தார். அதைப் படித்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். “நடந்திருக்கலாம்னா என்னம்மா அர்த்தம்? நடந்துதா, இல்லையா? நீங்க நேர்ல பாத்தீங்களா?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அறையின் மறுபக்கம் விடுதி மேலாளர் உட்கார்ந்திருந்தார். அவரைக்கூட நான் பார்க்கவில்லை, மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெஞ்சுப் பக்கமிருந்து சத்தம் வந்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார்.

“சார், அந்தப் பொண்ண வுட்டுடுங்க சார். அதுக்கு ஒண்ணியும் தெரியாது. அது எட்டு மணிக்கி வரும், நானும் எட்டு மணிக்கித்தான் அது முன்னால நிப்பேன். அதுக்கு முன்னால நான் வந்ததெல்லாம் அதுக்கு இன்னா தெரியும்? பாவம், படிக்க வந்த பொண்ணு.” இவ்வளவையும் சொல்லி முடிக்க அவர் மூன்று முறை நிறுத்த வேண்டியிருந்தது. பிறகு இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். “அந்தம்மா சொல்றது சரியா?”

“ஆமா சார்” என்றேன்.

சொன்னதைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். வெளியே மாடிப்படி முகப்பில் நாத்தனார் நின்றிருந்தார். “இம்மாம் படிச்சிகீறியே, இன்னாத்தத்தான் படிச்ச நீ?” என்றார், நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படியாக. அக்கா அவர் கையைப் பிடித்து அடக்கினார். “வுடுடி. அதுக்கு இப்பத்தான வேல கெடச்சிகீது.”

படி இறங்க நான் கை நீட்டினேன். நாத்தனார் என் கையைத் தட்டிவிட்டு, தானே அக்காவின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். ஒரு படி இறங்கி நின்றார்கள். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டார். அடுத்த படி இறங்கி மறுபடி நின்றார்கள். நான் மேலேயே நின்றேன்.