பேனரில் வெளுத்த முகம்

நான் படித்த பள்ளியில் எல்லோரிடமும் இருந்த கிரேயான் டப்பாவில் ஒரு குச்சிக்கு ஸ்கின் கலர் என்று பெயர். பிள்ளைகள் அப்படித்தான் கேட்டு வாங்குவார்கள், டீச்சரும் அப்படித்தான் சொல்வார். அது யாருடைய தோல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் அந்த நிறத்தில் ஒரு நாய்கூடக் கிடையாது. படம் வரைவதே பிழைப்பாகிவிட்ட இந்த வயதிலும் அந்தக் குச்சியை எங்காவது பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் ஒரு பேனர்.

சின்ன வயதிலிருந்தே நான் தினமும் வரைகிறவள். காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் பென்சிலில் ஏதாவது ஒன்று. கொடியில் காயும் துணி, அப்பாவின் செருப்பு, வாசலில் நிற்கும் மீன்காரரின் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை வாட்டர் கலர். யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு நாள் விட்டால் மறுநாள் கை கோணிக்கொள்ளும், அந்தப் பயம்தான். பள்ளி லீவுக்குச் சிதம்பரம் போய்விடுவேன். அங்கே அம்மாவின் தம்பி, என் மாமா, கீழவீதிப் பக்கம் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் வரைவதற்கென்று பேனாவோடு ஒரு பலகையும் வாங்கிப் போட்டிருந்தார். கரண்ட் இருந்து, வேலையும் இல்லாத நேரத்தில் அது என்னுடையது. அதில் தப்பாகப் போட்டால் ஒரு தட்டில் அழிந்துவிடும். வாட்டர் கலரில் போட்டது போட்டதுதான். எனக்கு வாட்டர் கலர்தான் ஒரு படி மேலே.

மாமாவின் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. காதுகுத்தோ கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, யார் போட்டோ வந்தாலும் முதல் வேலையாக முகத்தை வெளுத்துவிடுவார். யாரும் அதைக் கேட்கவும் மாட்டார்கள், வேண்டாம் என்று சொல்லவும் மாட்டார்கள். கண்ணீர் அஞ்சலி பேனரில் செத்துப்போன கிழவர்கூட வெள்ளையாகத்தான் போய்ச் சேர்வார். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "கறுப்பா அடிச்சா பிரிண்டு சரியில்லன்னு சண்டைக்கி வருவாங்க பாப்பா" என்றார். அன்றைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

எட்டாம் வகுப்பில் நான் வயதுக்கு வந்தேன். கூடத்து மூலையில் உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். பள்ளிக்கூடம் கிடையாது. பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் அம்மாவிடம் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்.

"மூக்கும் முழியுமா நல்லாத்தான் இருக்கா. கலர் மட்டும் கொஞ்சம் கம்மி."

என் காதுபடவேதான் சொல்வார்கள். சந்தையில் கத்தரிக்காயைக்கூட அப்படிப் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். அம்மா காபி கொடுத்து அனுப்புவாள். அந்தக் கோபத்தில்தான் நான் ஒரு கண்ணாடியைக் கேட்டு வாங்கி எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு என்னையே வரைய ஆரம்பித்தேன்.

பென்சிலில் முகம் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. நிறம்தான் பிடிபடவில்லை. பழுப்பை அப்படியே வைத்தால் மண்பொம்மை. சிவப்பைச் சேர்த்தால் காய்ச்சல்காரி. தாள் தாளாக வீணானது. கடைசியில் பழுப்பில் சிவப்பும் துளி நீலமும் கலந்து, கன்ன மேட்டில் தண்ணீரை அதிகமாக விட்டு, கழுத்தடியில் ஊதா வைத்தேன். தூர வைத்துப் பார்த்தேன். நானேதான். அழகாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு அப்போதும் வெட்கமில்லை, இப்போதும் இல்லை.

மஞ்சள் நீராட்டுக்குப் பேனர் வைப்பது தாய்மாமன் பொறுப்பு. மாமா என்னைப் போட்டோ எடுக்க வந்தபோது அந்தப் படத்தை நீட்டினேன்.

"இதயே போடு மாமா. கலர மட்டும் தொடாத."

"தொடமாட்டேன், போதுமா?" என்றார்.

தீட்டுக்காரி தொட்ட தாள் என்று அம்மா அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துத்தான் வெளியே விட்டாள். ஒரு சொட்டு படத்திலிருந்த கன்னத்தில் விழுந்து பரவியது. நான் கத்தியதில் எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

விழாவன்று பட்டுப்பாவாடையும் மாலையுமாக என்னை மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள். வாசலில் என்னைவிடப் பெரிய பேனர். என் கோடு, என் பின்னல், என் மூக்கோர மச்சம். முகம் மட்டும் உரித்த முட்டை. ஊதா இல்லை, நீலம் இல்லை, நான் அத்தனை தாளை வீணாக்கித் தேடிய ஒன்றுகூட இல்லை. கிரேயான் டப்பாவிலிருந்த அந்தக் குச்சியை அரைத்துப் பூசியது போல இருந்தது. சுற்றியிருந்தவர்கள், பாப்பா எவ்வளவு அம்சமாக இருக்கிறாள் என்று பேனரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாப்பா நான், பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். என்னை ஒருவரும் பார்க்கவில்லை.

எனக்கு ஆரத்தி சுற்ற அத்தை தட்டோடு நின்றாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர். தட்டைப் பிடுங்கி அப்படியே பேனர் மேல் வீசினேன். ஃப்ளெக்ஸில் எதுதான் ஒட்டும்? சிவப்பு வழிந்து தரைக்கு வந்தது. முகம் முன்னிலும் பளிச்சென்று நின்றது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"இது நான் இல்ல. நீ பொய்க்காரன் மாமா" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் பாப்பா. கை பழக்கத்துல பண்ணிட்டேன்" என்றார். நான் திரும்புவதற்குள் அம்மாவின் அறை என் கன்னத்தில் விழுந்தது. மாமா தானே ஏணி போட்டு ஏறிப் பேனரை அவிழ்த்துச் சுருட்டினார்.

அதற்குப் பிறகு நான் சிதம்பரம் கடைக்குப் போகவில்லை. அந்தப் பலகையும் பேனாவும் எனக்கில்லாமல் போயின. மாமா வீட்டுக்கு வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவேன். சொந்தமாக ஒரு பலகை வாங்குகிறவரை பென்சிலும் வாட்டர் கலரும்தான். தினமும் என்னையே வரைந்தேன், வேண்டுமென்றே, இன்னும் கறுப்பாக.

பல வருடம் கழித்து எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். போட்டோவைக் கொஞ்சம் வெளுத்துக் கொடுக்கும்படி ஸ்டூடியோவில் அம்மா சொல்லிவிட்டு வந்ததைக் கேட்டு வீட்டில் பெரிய சண்டை. உன் தம்பி செய்ததையே நீயும் செய்கிறாயா என்று கேட்டேன். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அவன் என்னா பண்ணான்? நீ வரஞ்ச மாதிரியேதான் அடிச்சி எடுத்தாந்தான். விழாவுக்கு மொத நாளு நான்தான் மாத்தி எடுத்துட்டு வாடான்னு திருப்பி அனுப்புனேன். உங்கப்பாவுக்கு முன்னாடி என்னப் பாக்க வந்தவங்க அத்தினி பேரும் கலர் கம்மின்னுட்டுதான் எழுந்து போனாங்க. உன்ன ஒரு நாளாவது யாரும் அப்படிச் சொல்லாம இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் தணியவில்லை. எழுந்து போனவர்கள் மேல், காபி குடித்துவிட்டுப் போனவர்கள் மேல், அம்மா மேலும்தான். மாமா அன்று ஏன் அம்மாவைப் பார்த்தார் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. கண்ணாடி முன் உட்கார்ந்து அத்தனை தாளில் ஒரு நிறத்தைத் தேடிப் பிடித்த நான், என்னை அறைந்த கை அதே நிறத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை.