நகத்தில் ஏறிய கோதுமை

“கால் நகம் வெட்டிக் குடுக்கிறதுக்கோ இவள் கனடாவுக்குப் போனவள்?” என்று கொட்டாஞ்சேனையிலிருந்து மாமா தொலைபேசியில் சிரித்தார். அவர் பக்கத்தில் நின்ற அம்மா சிரிக்கவில்லை. நம் நகம் அந்நியர் கைக்குப் போனால் செய்வினை செய்துவிடுவார்கள் என்பது அவர் பயம். ரொறன்ரோவில் எனக்கொரு மருந்துக்கடை வேலையும், எங்கள் ஆட்களோடு இருக்க ஓர் அறையும் மாமா பார்த்துவைத்திருந்தார். நானோ வந்து சேர்ந்த இந்தக் கோதுமைச் சமவெளி நகரத்து ஆய்வுகூடத்திலேயே மேலே படிக்க நினைத்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அம்மாவின் சம்மதம் மட்டும் இல்லை.

ஆய்வுகூடத்து லிண்டா, “திங்கட்கிழமை கால் பெருவிரல் நகம் வெட்டிக்கொண்டு வா” என்றிருந்தாள். கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமைகளில் நகம் பார்ப்பார்களே, அதுபோல என்று எண்ணி, வெட்டியதைக் கடதாசியில் சுற்றி எறிந்துவிட்டுப் போய்ச் சப்பாத்தைக் கழற்றிக் காட்டினேன். “நல்ல வடிவான கால். நகம் எங்கே?” என்றாள். அது மீண்டும் வெட்டும் அளவுக்கு வளரும்வரை காத்திருந்தோம்.

நகத்தில் அவள் தேடியது செலினியம். மண்ணிலிருக்கும் இந்தத் துளித் தாதுவைக் கோதுமைச் செடி உறிஞ்சி, தன் அமினோ அமிலத்தில் கந்தகம் இருக்கவேண்டிய இடத்தில் பொருத்திக்கொள்கிறது. அந்தக் கோதுமை மாவில் சுட்ட பாணை நாம் தின்றால், குடலும் அதை வழக்கமான அமினோ அமிலம் என்றே உள்ளே விடுகிறது. கல்லீரல் அதைப் பிரித்தெடுத்து, ஒரு புரதத்தில் ஏற்றி அனுப்புகிறது. தைரொயிட் சுரப்பி வேலை செய்ய அது வேண்டும்; உயிரணுக்களை அரிக்கும் நச்சை அடக்கவும் வேண்டும். தட்டுப்பாடு வந்தால் உடல் தசைக்குக் குறைத்து மூளைக்கு முதலில் கொடுக்குமாம். இதை வாசித்தபோது வீடு நினைவுக்கு வந்தது. ஊரடங்கு நாட்களில் வீட்டிலிருந்த ஒரு றாத்தல் பாணில், படிக்கிறவள் என்று எனக்குத்தான் அம்மா முதல் துண்டு வெட்டுவார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் உடம்பும் அதையே செய்கிறது.

மிச்சத்தில் சிறிது நகத்தில் படிகிறது. கால் பெருவிரல் நகம் அடியிலிருந்து நுனிக்கு வர ஓராண்டுக்கு மேலாகும்; நான் இங்கு வந்து இன்னும் ஓராண்டு ஆகவில்லை. ஆகவே என் நகத்தின் நுனி கொட்டாஞ்சேனைச் சாப்பாடு, அடி கனடாச் சாப்பாடு என்று லிண்டாவிடம் பெருமையாகச் சொன்னேன். “உங்கள் ஊரில் கோதுமை விளையுமா?” என்று கேட்டாள். “இல்லை” என்று சொன்னபோதுதான் யோசித்தேன். அப்பா கொச்சிக்கடைத் துறைமுகப் பண்டகசாலையில் கோதுமை மா மூட்டை சுமந்தவர். அந்தக் கோதுமை கப்பலில் வந்தது. அதில் ஒரு பங்கு இந்தச் சமவெளியில் விளைந்தது.

அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

“அப்ப சின்னனிலேயே அந்த ஊர்ச் சாப்பாடுதான் சாப்பிட்டனியோ?”

“ஓம் அம்மா. நீங்களும்தான்.”

“சரி, படி. மாமாவோட நான் கதைக்கிறன். நகத்தை மட்டும் வெள்ளிக்கிழமையில வெட்டாத, என்ன?”

அம்மா சம்மதிக்கும் முன்பே, அன்று காலை, என் ஆய்வுக்கான முதல் வயலில் மண் அள்ளிப் பைகளில் கட்டிவிட்டு வந்திருந்தேன். தொலைபேசியைப் பிடித்திருந்த விரல்களில் அந்தக் கறுப்பு மண் இன்னும் ஒட்டியிருந்தது.