ஆனாலும் அத்தையும் மொட்டைமாடி ஏணியும்

சூரியனைப் படைக்கும்போது என் அத்தையைக் கேட்டிருந்தால் வெயில்காலம் என்று ஒன்றே வந்திருக்காது. மூன்று மாதிரி சூரியன்களை வரைய வைத்து, எது மலிவு, எது சுடாது, எதற்குப் பராமரிப்பு குறைவு என்று ஒப்பிட்டுக்கொண்டிருப்பாள். நாம் இன்னும் இருட்டில் தடவிக்கொண்டிருப்போம்.

அப்பாவின் அக்கா அவள். இரும்புக் கட்டுமானங்கள் வரையும் அலுவலகத்தில் வேலை. எதைக் காட்டினாலும் "நல்லாத்தான் இருக்கு, ஆனாலும்..." என்று இழுப்பதால் 'ஆனாலும் அத்தை' என்று பெயர். வந்த வரன்கள் மூன்றையும் எடைபோட்டு முடிப்பதற்குள் மூவரும் வேறிடத்தில் கட்டிக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கும் அனுப்பிவிட்டார்கள். செருப்புக் கடையில் "பிஞ்சா தைக்க முடியுமா?" என்று கேட்டுக் கேட்டே வெறுங்காலோடு வீடு திரும்பிய ஒரே மனுஷி.

எங்கள் குடியிருப்பில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஏற ஓர் இரும்பு ஏணி உண்டு. துரு அதைத் தின்று ஏப்பமும் விட்டாயிற்று. அதில் ஏறித் தொட்டி கழுவுவது குடியிருப்பின் பிளம்பரான என் அப்பா. புது ஏணி எப்படி இருக்கலாம் என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் போயும் போயும் அத்தையைக் கேட்டார்.

"நேரா நிக்கிற ஏணி போதும் மேடம். சல்லிசு."

"சல்லிசுதான். ஆனாலும் ஏறுறவன் கையில வாளி இருக்குமே?"

"அப்ப சுத்திக் கூண்டு வச்சிடலாம்."

"கூண்டு விழுறவனை நிறுத்தாது. வழியில நாலு இடி குடுத்து அனுப்பும்."

"சரிம்மா, சாய்வுப் படிக்கட்டு. கைப்பிடியோட. திருப்தியா?"

"அதான் சரி. ஆனாலும் பெயின்ட்டா, துருப்பிடிக்காத துத்தநாகப் பூச்சா? பெயின்ட்டுன்னா வருஷாவருஷம் சுரண்டி அடிக்கணும். யார் அடிப்பா?"

செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். அவரும் ஒரு ஆள்! தன் காருக்கு நிழற்கூரை வேண்டுமென்றதும் ஒரே வாரத்தில் போட்டுக்கொண்டவர். "நீங்க யோசிச்சு முடிக்கறப்ப முடிங்க. ஞாயித்துக்கிழமை பழைய ஏணியிலயே ஏறட்டும்" என்றார்.

அப்பா தலையாட்டினார். வேலை போய்விடுமே என்ற பயம்.

"படி வர்ற வரைக்கும் ஏறாதடா தம்பி" என்று அத்தை முனகினாள். முனகல் ஏணியைத் தாங்குமா?

ஞாயிற்றுக்கிழமை அப்பா வாளியும் துடைப்பமுமாகப் போனால், மொட்டைமாடிக் கதவுப் பூட்டில் யாரோ சூயிங்கம்மை மென்று அடைத்திருந்தார்கள். சாவி நுழையவில்லை. செயலாளர் குதியோ குதி என்று குதித்தார். பழி மூன்றாம் மாடி வாண்டுகள் மேல் விழுந்தது. நானும் "இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தான்" என்று நொந்துகொண்டேன். அப்பா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து நிம்மதியாக டீ குடித்தார்.

சாயங்காலம் அத்தை வந்தாள். பூட்டை உற்றுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"எவனோ மடையன். நானா இருந்தா ஏணியில ஒரு படியை அறுத்து விட்டிருப்பேன்."

"போங்கத்தை! தெரியாம அப்பா ஏறிட்டா?"

"அப்ப பூட்டுலயே நல்ல பசையா ஊத்தியிருக்கலாமே?"

"அது இறுகிடும். புதுப் பூட்டு வாங்கணும், தண்டச் செலவு. சூயிங்கம்னா ஊசியால நோண்டினா வந்துடும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அத்தை சிரிக்கவில்லை. "துத்தநாகப் பூச்சுன்னு முடிவு பண்ணி இன்னிக்குப் படிக்கட்டு வரைபடத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். செயலாளரை நான் பார்த்துக்கிறேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊசியைத் தொலைச்சிடாத. படி வந்து நின்னப்புறம் நீயே நோண்டிடு" என்றாள்.