ஓவர்மாரோவும் பாதி உருவிய மிளகும்

சோளக்காட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் எடுக்கிறேன். இன்று யாரும் பேசாத பழைய இங்கிலீஷ் வார்த்தைகளைத் தேடிப் படிப்பது என் கிறுக்கு. அதைக் காதுகொடுத்துக் கேட்க இருந்த ஒரே ஆள் அக்கா. அவளும் மாமாவும் மலைமேல் வளப்பூர் நாட்டில் மிளகுத் தோட்டம் பார்த்தார்கள். நானும் அவர்களோடுதான் இருக்கிறேன். சாயங்காலம் மிளகுக் கொத்தை உருவிக்கொண்டே, "இன்னைக்கு எந்த வார்த்தைக்குத் திதி குடுக்கறே கண்ணு?" என்பாள்.

அந்தக் காலத்தில் ஒரு வாரத்துக்கு 'சென்னைட்' என்று பெயர், ஏழு ராத்திரி என்று பொருள் என்றேன். "பகல்ல என்ன, தூங்கிக் கெடந்தாங்களா?" என்றாள். கண்ணாலேயே ஒருவரைக் கெடுப்பதற்கு 'ஐபைட்', அதாவது கண்ணால் கடிப்பது, என்றபோதுதான் அவள் கை நின்றது. "அவங்களுக்கும் கண்ணு படுமா? பாவம்" என்றாள்.

போன தை மாதம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போக முடிவானது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மலை இறங்குகிறவர் ஒரு வேலையைப் பாதியில் வைத்துவிட்டுத்தான் இறங்குவார். திரும்பி வந்து அவரேதான் முடிக்க வேண்டும், வேறு யாரும் கை வைக்கக் கூடாது. வேலை ஆளை இழுத்து வந்துவிடும் என்பது நம்பிக்கை. அக்கா மிளகுக் கொத்துகளைப் படுதாவில் கொட்டி, பாதியை உருவி, மீதியை அப்படியே விட்டாள்.

"நாளான்னைக்கு வந்து உருவிக்கறேன். யாரும் தொடாதீங்க."

சோளக்காட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் வார்த்தை கேட்டாள். வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. 'ஓவர்மாரோ' என்றேன். மாரோ என்றால் ஆதியில் விடிகாலை. நாளைய விடியலையும் தாண்டி நிற்பது ஓவர்மாரோ, நாளை மறுநாள். அந்தச் சொல் இங்கிலீஷ்காரர்களிடம் செத்துப்போய்விட்டது, இப்போது சுற்றி வளைத்துத்தான் சொல்கிறார்கள் என்றேன்.

"நாளான்னைக்குன்னு சொல்ல ஒரு வார்த்தை இல்லையா? அப்பறம் ஊட்ல இருக்கறவங்ககிட்ட என்னன்னு சொல்லிட்டுக் கெளம்புவாங்க?" மூச்சு இரைக்கச் சிரித்தாள். மாமா அவள் கையைப் பிடித்து ஏற்றி, தானும் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து, "வாரேன் சாமி" என்றாள்.

மறுநாள் மத்தியானம் மாமா போன் செய்தார். அழுகைதான் கேட்டது. அக்கா சொன்னபடி நாளான்னைக்கே வந்தாள், ஆம்புலன்ஸில்.

எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. இப்படி ஒரு வழக்கத்தை உண்டாக்கிய புண்ணியவான் யாரோ, அவன் மேல் ஆத்திரம். சொன்ன நாளைத் தவறவிடாமல் இப்படி வந்து சேர்ந்தாளே, அவள் மேலும் ஆத்திரம். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். படுதா மட்டும் அவள் விட்ட இடத்திலேயே கிடந்தது. அதைச் சுற்றித்தான் நாங்கள் இருவரும் நடந்தோம்.

ஒரு காலையில் மாமா அதன் ஓரம் குந்தினார். ஒரு கொத்தை எடுத்தார், உருவாமல் திரும்ப வைத்தார்.

"பனியில பூசணம் புடிக்குது அம்முணி. உருவிப் போட்டரலாமா?"

உருவிவிட்டால் அவள் வருவதற்கு இந்த வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை. படுதாவின் நுனியை மடித்துக் கொத்துகளை மூடினேன்.

"நாளான்னைக்கு உருவிக்கலாங்க மாமா" என்றேன்.

அவர் சரியென்று எழுந்து போனார். மறுபடி கேட்டபோதும் அதையேதான் சொன்னேன்.