சாய்ந்ததற்கு ஓர் எச்சரிக்கை

இங்கிலாந்தின் ஹல் நகரத்துத் துணிக்கடை ஒன்றின் கல்லாவில் பல வருடம் நின்றவள் லொரெய்ன் ஸ்டேதர்ஸ். முடக்குவாதத்தில் முழங்கால்கள் வீங்கிப்போன பிறகு அவள் கேட்டது ஒரே ஒரு ஸ்டூல். மேலாளர் கேவின் பிக்கர்ஸ்கில் நல்ல மனிதர்தான். அவளுக்காகக் கூட்டம் போட்டார், பரிவோடு தலையை ஆட்டினார், ஊழியர் நல வாரத்தில் கேக் கூட வெட்டினார். ஸ்டூல் மட்டும் தரவில்லை.

"உக்காந்தா கடையோட தோரணையே போயிடும் லொரெய்ன். நான் நாள் பூரா நிக்கலையா?"

அவர் நின்று கடையில் யாரும் பார்த்ததில்லை. அவருடைய அறைக்கதவு எப்போதும் சாத்தியே இருக்கும்.

வலி தாங்காமல் அவள் கல்லா மேசையில் சாய்ந்தாள். முதல் எச்சரிக்கை. மறுபடி சாய்ந்தாள், இரண்டாவது. அப்புறம் வேலையே போயிற்று.

வழக்குப் போட்டாள். வக்கீல் வைக்க வசதியில்லை, தானே வாதாடுவதென்று முடிவெடுத்தாள். புருஷன் க்ளைவ் பயந்தான்.

"பெரிய வக்கீலோட வருவாங்க. உன்னய வாயத் திறக்க விடுவாங்களா?"

"எனக்கு வலி முழங்கால்லதான், வாயில இல்ல."

தொழிலாளர் தீர்ப்பாயத்தில் நீதிபதி அம்மாள் முதலில் சொன்னது இதுதான்: "உக்காருங்கம்மா. வலிச்சா சொல்லுங்க, நிறுத்திக்கலாம்." கேட்காமலே கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தபோது லொரெய்னுக்குக் கண் கலங்கிவிட்டது.

கல்லா வேலைக்கு நிற்பதுதான் உயிர்நாடி என்று பிக்கர்ஸ்கில் சாட்சி சொன்னார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார். பிறகு அவரைக் குறுக்கு விசாரணை செய்வது லொரெய்னின் முறை.

"ஒரு உதவி, மிஸ்டர் பிக்கர்ஸ்கில். நான் கேக்கறப்ப நின்னுக்கிட்டே பதில் சொல்றீங்களா?"

"கட்டாயம் இல்ல," என்றார் நீதிபதி.

"பரவால்லம்மா, நமக்குப் பழக்கந்தான்." அவர் நெஞ்சை நிமிர்த்தி எழுந்தார்.

லொரெய்ன் அவசரப்படவில்லை. கடை எப்போது திறக்கும், சனிக்கிழமை கூட்டம் எப்படி, கல்லாவுக்குப் பின்னால் எவ்வளவு இடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நடுவில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மனிதர் புது ஷூவில் கால் மாற்றி மாற்றி நின்றார். கடைசியில் ஒரு கை மேசையில் ஊன்றியது, உடம்பும் கூடவே போயிற்று.

"சாயிறீங்க, மிஸ்டர் பிக்கர்ஸ்கில்," என்றாள், அவருடைய அதே கனிவோடு. "இது முதல் எச்சரிக்கை."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க உக்காரலாம்," என்றாள் லொரெய்ன். "உக்காந்துட்டு சொல்லுங்க, அந்த ஸ்டூலைக் குடுத்திருந்தா என்ன கெட்டுப்போயிருக்கும்?"

பிக்கர்ஸ்கில் உட்கார்ந்தார். குனிந்து புது ஷூவின் நாடாவைத் தளர்த்தினார்.