உயராத மஞ்சள் துண்டு

பழவண்டிக்காரி கேத் அன்று வாயை மூடிக்கொண்டு கொய்யாவை மட்டும் வெட்டியிருந்தால், லம்துவானுக்கு அந்தப் பயம் இன்னும் கொஞ்ச நாள் கழித்துத்தான் வந்திருக்கும். வராமலே போயிருக்கும் என்று சொல்ல மாட்டேன். வரவேண்டியது வாசல்வரைக்கும் வந்துவிட்டது, கேத் கதவைத் திறந்துவிட்டாள், அவ்வளவுதான்.

மாலை உடற்பயிற்சி வகுப்பு முடிந்து லம்துவான் பூங்காவை விட்டு வெளியே வந்தாள். கேத் உப்பையும் மிளகாய்த்தூளையும் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னாள்: "டீச்சர், இன்னைக்கு அந்தப் புது ஸ்டெப்பு பிரமாதம் போங்க! கையத் தட்டிட்டு அப்படியே பின்பக்கம் திரும்பினீங்களே! வேலிக்கு இந்தப் பக்கம் நானும் ஆடிப் பாத்தேன். பாதி கொய்யா கீழ உருண்டுடுச்சு."

லம்துவான் சிரித்துவைத்தாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். நாலு எட்டு நடந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அன்று அவள் புது ஸ்டெப் எதுவும் சொல்லித்தரவில்லை. கைதட்டிப் பின்னால் திரும்பியதாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

அவளுக்கு அறுபத்து மூன்று வயது. பாங்காக்கில், ஆற்றுக்கு மேற்கே, மேம்பாலத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவே கிடக்கிற சின்னப் பூங்காதான் அவளுடைய உலகம். இருபத்திரண்டு வருஷம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்தவள். தொழிற்சாலையை இழுத்து மூடியபோது அவள் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்ப மறுத்தது. டாக்டர் கையைக் காலை ஆட்டச் சொன்னார். பழைய டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, தூங்குமூஞ்சி மரத்தடியில் தனியாக ஆட்டினாள். இரண்டாம் நாள் அவளுக்குப் பின்னால் யாரோ ஐந்து பெண்கள் நின்று ஆட்டினார்கள். மழைக்காலம் வருவதற்குள் இருபது பேர். அப்புறம் யாரோ மனுப் போட்டு, சிமென்ட் மேடை வந்து, அவள் 'டீச்சர்' ஆகிவிட்டாள். இப்போது பத்தொன்பது வருஷம். புருஷனுக்குத் தகனம் முடிந்த மூன்றாம் நாள், கூட்டம் மொத்தமும் விளையாட்டு ஷூவோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, "மணி அஞ்சேகால் டீச்சர்" என்றது. அவளும் அழுதுகொண்டே ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஐந்தரைக்குத் தொடக்கம். மொத்தம் ஒன்பது பாட்டு. ஐந்தாவதுதான் உயிரை எடுக்கிற வேகப் பாட்டு. ஆறாவதில் மெல்ல நடந்து மூச்சைச் சமன்படுத்திக்கொள்ள வேண்டும். அது முடியவும் கம்பத்து ஒலிபெருக்கியில் ஆறு மணி தேசிய கீதம் வரவும் சரியாக இருக்கும். நடப்பவர், ஓடுபவர், குளத்து மீனுக்கு ரொட்டி போடுபவர் எல்லோரும் அந்தந்த இடத்திலேயே அசையாமல் நிற்பார்கள். பிறகு மூன்று மெதுவான பாட்டு, வீடு. லம்துவான் விரலால் எண்ணைக் காட்டுவாள். மேடைக்குக் கீழே ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்கிற பூய் அந்தப் பாட்டைப் போடுவாள். பூய் காலையில் கஞ்சிக் கடை வைத்திருப்பவள், பன்னிரண்டு வருஷத் தோழி.

மேடையில் நிற்பவள் கண்ணாடி மாதிரி ஆடவேண்டும். லம்துவான் இடது கையைத் தூக்கினால்தான் எதிரே நாற்பது வலது கை உயரும். அந்த நாற்பது பேரைப் பார்த்துத்தான் அவள் தன்னையே பார்த்துக்கொள்வாள். இத்தனை வருஷமும் அது போதுமானதாக இருந்தது.

அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. அவளுடைய அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. அப்போது அம்மாவுக்கு அறுபத்தைந்து. கழுவிய அரிசியை மறுபடி கழுவினாள். மீன் சாஸ் பாட்டிலைக் குளியலறையில் வைத்தாள். கடைசியில் ஒருநாள், பெற்ற மகளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று மரியாதையாக விசாரித்தாள். அந்த மரியாதையை நினைத்தால் லம்துவானுக்கு இன்றைக்கும் தாங்காது. ராயோங்கில் இருக்கிற மகள், "மேடை ஏற முடியாத அன்னைக்கு என்கிட்ட வந்துடும்மா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அங்கே பத்தாவது மாடியில் வீடு. மேடையில்லை, பூங்காவில்லை, டீச்சர் என்று கூப்பிட ஒரு ஜீவன் இல்லை.

மறுநாளே பூயைப் பிடித்துக் கேட்டாள். "நேத்து நான் ஏதாச்சும் மாத்திப் போட்டேனா?"

"எங்கக்கா! யாரு சொன்னா? கேத்தா? அவளுக்குக் கொய்யாவுக்கும் மாங்காய்க்குமே வித்தியாசம் தெரியாது."

மனசு ஆறவில்லை. அடுத்த நாள் லம்துவான் ஒரு சோதனை செய்தாள். இரண்டாம் பாட்டு நடுவில், வேண்டுமென்றே, கைகளை இடுப்பில் மடித்துச் சிறகு மாதிரி அடித்துக்கொண்டு கோழி போல இரண்டு சுற்றுச் சுற்றினாள். எவனாவது சிரிப்பான், எவளாவது முழிப்பாள் என்று கண்ணைச் சுழற்றிப் பார்த்தாள். நாற்பது கோழி சுற்றியது. ஒரு முகத்தில்கூடச் சின்னச் சுருக்கம் இல்லை. இரண்டாம் வரிசை ஓரத்தில் நின்ற பிரயோங், எழுபத்தொரு வயது, ஓய்வு பெற்ற நகரப் பேருந்து ஓட்டுநர், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், அவரும் சிரத்தையாகச் சிறகடித்தார்.

அப்போதுதான் அவள் உண்மையிலேயே பயந்தாள். இவர்களைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. அவள் மேடையிலிருந்து குளத்தில் குதித்தாலும் இவர்கள் வரிசையாக வந்து குதிப்பார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி. முகத்துக்கு நேரே தப்பைச் சொல்லி ஒருவரைக் கூசவைப்பதைவிட, கூடவே சேர்ந்து அந்தத் தப்பைச் செய்துவிடுவது எங்களுக்குச் சுலபம். அதற்குப் பெயர் பண்பு என்று வேறு சொல்லிக்கொள்வோம்.

அன்று வகுப்பு முடிந்ததும் பூயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "பூய், உன் கழுத்துல மஞ்சத் துண்டு இருக்குல்ல? நான் எங்கயாவது தப்புப் பண்ணினா அதை எடுத்து மேல தூக்கு. வேற யாருக்கும் தெரியவேணாம். எனக்குத் தெரிஞ்சா போதும்."

"சரிக்கா."

"சத்தியமா?"

"அட, சத்தியமா! துண்டைத் தூக்க எனக்கென்ன, கை வலிக்குமா?"

துண்டு உயரவில்லை. ஒருநாள், இரண்டு நாள், ஒரு வாரம். ஒவ்வொரு பாட்டுக்கும் லம்துவானின் கண் ஸ்பீக்கர் பக்கம் ஓடும். மஞ்சள் துண்டு பூயின் கழுத்திலேயே கிடக்கும். மூன்று வாரம் ஆனதும் அவளுக்குத் தூக்கம் வந்தது. பசித்தது. கேத்திடம் போய், "உன் கண்ணுக்கு ஒரு கண்ணாடி வாங்கிப் போடுடி" என்று கிண்டல்கூட அடித்தாள். அம்மாவின் வியாதி தன்னைத் தாண்டிப் போய்விட்டது என்றே நம்பினாள்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. பகலெல்லாம் மழை பெய்து விட்டிருந்தது. புழுக்கம் தாங்கவில்லை. ஐந்தாம் பாட்டு முடிந்தது. எல்லோரும் தொப்பலாக நனைந்து நின்றார்கள். லம்துவான் கையை உயர்த்தி விரல்களை விரித்தாள். பூய் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பாட்டைப் போட்டாள். முழங்காலை மார்புவரை தூக்கி, துள்ளி, பக்கவாட்டில் பாய்ந்து ஆடினாள் லம்துவான். எதிரே நாற்பது பேரும் துள்ளினார்கள். அவள் துண்டைப் பார்த்தாள். துண்டு கழுத்தில் கிடந்தது. ஆகையால் எல்லாம் சரிதான்.

பாட்டு நின்ற கையோடு கம்பத்து ஒலிபெருக்கி கரகரத்தது. தேசிய கீதம் தொடங்கியது. பூங்கா அப்படியே உறைந்தது. குளக்கரையில் ஓர் உடும்பு மட்டும் நிதானமாகப் பாதையைக் கடந்துபோனது.

மேடையில் நின்றதால் அவள் ஒருத்திக்குத்தான் எல்லா முகமும் தெரிந்தது. பிரயோங்கின் முகம் சாம்பலாக இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து, ஓட்டுநர் சீருடையில் நிற்பது போல விறைப்பாக நின்றார். ஆனால் முழங்கால்கள் ஆடின.

'இல்லை, இருக்காது. எனக்குத்தான் அப்படித் தெரிகிறது.' அவளுக்குத் தன் கண் மேலேயே நம்பிக்கை வரவில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் ஒருவரும் அசையவில்லையே! பத்தொன்பது வருஷத்தில் இந்தக் கீதத்தின்போது அவள் ஈ மொய்த்தால்கூடத் தட்டியதில்லை. இறங்கி ஓடி, அவர் நன்றாக இருந்து, இத்தனை பேரும் பார்த்து, 'பாவம், டீச்சருக்கு மூளை குழம்பிப்போச்சு' என்று நினைத்தால்? மேடை போய்விடும். பிரயோங்கின் கண்கள் மேலே சொருகின.

குதித்தாள். "அண்ணே!" என்று அவள் போட்ட கூச்சல் கீதத்தைத் தாண்டிக் கேட்டது. முன்வரிசையை இடித்துக்கொண்டு ஓடினாள். அவர் சரிந்தது அவள் மேல்தான். அவருடைய எடை தாங்காமல் இருவரும் ஈரத் தரையில் விழுந்தார்கள். அப்புறம்தான் மற்றவர்களுக்குக் கால் வந்தது. யாரோ அவர் கால்களைத் தூக்கிப் பிடித்தார்கள், யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். அவர் மூச்சு விடுகிறாரா என்று அவர் மூக்கில் கைவைத்தபடி லம்துவான் உட்கார்ந்திருந்தாள்.

பிழைத்துவிட்டார். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன் டீச்சர், நின்ன இடத்துல வண்டி இப்படிப் படுத்ததே இல்ல" என்றார். வேகப் பாட்டு முடிந்ததும் நடக்காமல் சட்டென்று நின்றதால் வந்த வினை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஏன் நடக்கல? ஆறாம் பாட்டுல நடந்தோமே" என்றாள் லம்துவான்.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற பூய் மஞ்சள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"ஆறாம் பாட்டு போடவே இல்லக்கா. நீங்க மறுபடியும் அஞ்சுதான் காட்டினீங்க."

"நீ துண்டைத் தூக்கல."

"நாப்பது பேர் முன்னால உங்களை எப்படிக்கா... எனக்குக் கை வரல."

"எத்தனை தடவ வரல?"

பூய் துண்டுக்குள் முகத்தை இன்னும் அழுத்திக்கொண்டாள். லம்துவான் பிரயோங்கைப் பார்த்தாள். "அண்ணே, உங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டாவது அஞ்சு வந்தப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்கு ஆடினீங்க? உங்க நெஞ்சுல என்ன இரும்பா இருக்கு?"

அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எல்லாரும் ஆடினாங்க. நான் மட்டும் நின்னா உங்களுக்குத் தெரிஞ்சு போயிடுமே டீச்சர்."

பூய் தன் போனை நீட்டினாள். அதில் ஒரு குழு இருந்தது. லம்துவானைத் தவிர வகுப்பில் எல்லோரும் அதில் இருந்தார்கள். 'மூணாம் பாட்டுல இன்னைக்கு இடதுபக்கம் மட்டும்தான் வரும்போல, யாரும் முழிக்காதீங்க.' 'டீச்சர் எது செஞ்சாலும் அப்படியே செய்யுங்க.' 'கோழி மாதிரி சுத்தினாங்க, பாவம். யாரும் சிரிக்கலல்ல? நல்லது.' அவள் விரலால் தள்ளிக்கொண்டே போனாள். செப்டம்பர், ஆகஸ்ட், ஜூலை. முதல் செய்தி ஏப்ரலில், தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரத்தில் இருந்தது. ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் தான் எதை எதைத் தொலைத்தோம் என்று அவளுக்குத் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

கோபம் வந்தது, நியாயமான கோபம். நாலு நாள் அவள் பூங்காப் பக்கம் போகவில்லை. மகளுக்குப் போன் செய்து, மருத்துவரிடம் போக நாள் குறித்தாள். ஐந்தாம் நாள் மாலை ஐந்தேகாலுக்கு நாடாவைக் கட்டிக்கொண்டு வந்தாள். பிரயோங் கட்டுப்பட்ட பிள்ளையாகத் தூங்குமூஞ்சி மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆட அனுமதி இல்லை.

லம்துவான் மைக்கைப் பிடித்தாள். "எனக்கு மறதி வந்துடுச்சு. உங்க எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது. எனக்குப் பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு. நீங்க காட்டின மரியாதையால ஒரு மனுஷன் சாகக் கிடந்தாரு. இனிமே நான் தப்புப் பண்ணினா கத்துங்க. கத்த முடியாதவங்க வீட்டுக்குப் போய் டிவி பாருங்க."

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நம்பலாமா இவர்களை? அவள் கைகளை மடித்துக் கோழி மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினாள். பழக்கதோஷம், பாதிப் பேர் சுற்றிவிட்டார்கள்.

"அட கிறுக்குங்களா!" என்று கத்தினாள். முதல்முறையாகக் கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். ஒரு விரலைக் காட்டினாள். பாட்டு தொடங்கியது.

இந்தப் பாட்டை அவள் தூக்கத்தில்கூட ஆடுவாள். வலது இரண்டு, இடது இரண்டு, தோளுக்கு மேலே கைதட்டு. உடம்பு தானாகப் போனது. இது சரி, இதில் சந்தேகமே இல்லை என்று நினைத்தாள்.

"தப்பு!" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

பிரயோங் விளையாடுகிறார் என்று நினைத்தாள். "எதுண்ணே தப்பு?"

"அது மூணாம் பாட்டோட ஸ்டெப்பு டீச்சர். இப்ப ஓடறது ஒண்ணாம் பாட்டு."

அவள் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினாள். பூய் இரண்டு கையாலும் மஞ்சள் துண்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். கன்னமெல்லாம் ஈரம்.

ஐயோ. இது சோதனை இல்லையே. இதைச் சரி என்று நினைத்தல்லவா ஆடினாள்! மேடை ஓரம்வரை போய் நின்றாள். இறங்கிவிடலாம் என்று கால் சொன்னது.

"பூய், முதல்லேருந்து போடு" என்றாள். பிறகு எதிரே நின்றவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க ஆரம்பிங்க. நான் உங்களப் பாத்துப் போடுறேன்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு வலது கை தயங்கித் தயங்கி உயர்ந்தது. பின்னாலேயே மற்றவையும் உயர்ந்தன. லம்துவான் அவற்றைப் பார்த்துக்கொண்டே தன் இடது கையைத் தூக்கினாள்.