கொசு அக்காவின் இடுப்பு

பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லாரும் கொசு அக்கா என்றே அழைத்தார்கள். குத்தியது தெரியாமல் இரத்தம் எடுத்துவிடுவாள் என்பதால் வந்த பெயர். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை. எப்படிப்பட்ட கையானாலும் ஒரே குத்தில் நாளம் சிக்கிவிடும். ஆனால், நின்றபடி இடுப்பை வளைத்துக் குனிந்தால்தான் அவளுக்குக் கை ஓடும். உட்கார்ந்து எடுப்பதற்கென்று கொடுத்த சக்கர ஸ்டூல், கையுறைப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு மூலையில் கிடந்தது.

குனிந்து குனிந்தே இடுப்பு போயிற்று. மாத்திரையும் தைலமும் கைவிட்டன. “இப்படியே போனா உங்கள ரசீது போடுற இடத்துக்கு மாத்திடுவேன்” என்று மேலாளர் சொல்லிவிட்ட பிறகே, இயன்முறை மருத்துவரிடம் உலர் ஊசி போட்டுக்கொள்ளப் போனாள். மருந்தில்லாத மெல்லிய ஊசி அது. முறுக்கேறிய தசையில் இறக்கினால், தசை ஒருமுறை வெட்டித் துடித்துத் தளரும். இரண்டு முறை போட்டாயிற்று. சில நாள் சுகம். பிறகு வலி தன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மூன்றாம் முறை அவள் குப்புறப் படுத்திருந்தாள்.

“கொஞ்சம் தளர விடுங்கம்மா.”

“விட்டுட்டுத்தானே இருக்கேன்!”

“இதுவா? கல்லு மாதிரி இருக்கு.”

நாள் முழுவதும் பிறரிடம் தான் சொல்லும் வார்த்தையே தன் முதுகில் விழுந்ததும், அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டது.

“நீங்க ஊசிய ரொம்பச் சாய்க்கிறீங்க போலிருக்கு.”

“முதுகுலயும் கண்ணு வெச்சிருக்கீங்களா?” என்று அவர் சிரித்தார். தசை சுண்டித் துடித்தது. அவள் பல்லைக் கடித்தாள்.

அவள் எழுந்ததும், அவர் தம் கையை நீட்டி, “ரத்தம் எடுக்கிற மாதிரி நின்னு காட்டுங்க” என்றார். அவள் குனிந்தாள்.

“போதும். நான் பிரிச்சுவிடுற முறுக்க நீங்க தினமும் திரும்ப ஏத்துறீங்க. ஊசி மட்டும் என்ன பண்ணும்? சொல்லிக்கொடுத்த பயிற்சியச் செய்ங்க. உட்கார்ந்து வேலை பாருங்க.”

“உட்கார்ந்தா எனக்கு நரம்பு கிடைக்காது.”

“அப்ப இங்கேயே வந்துட்டிருங்க. எனக்கென்ன!”

வலி அடங்கிய ஒரு காலையில், அவள் பெட்டிகளை இறக்கிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். சர்க்கரைக்காக மாதந்தோறும் வரும் ஓய்வுபெற்ற தபால்காரர் கையை நீட்டினார். உட்கார்ந்து பார்க்கையில், பழகிய கையே யாருடையதோ போலத் தெரிந்தது. குத்தினாள். குழாயில் ஒரு துளிகூட இறங்கவில்லை.

“என்னம்மா கொசு, இன்னிக்குக் குளவி ஆயிட்டே?”

முகம் சுட்டது. எழுந்து நின்றால் ஒரே நொடியில் எடுத்துவிடலாம். பாதி எழுந்தும்விட்டாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ரசீது இயந்திரம் கிறீச்சிட்டது. பொத்தென்று மறுபடி உட்கார்ந்தாள்.

“அந்தக் கையக் குடுங்கய்யா.”

இரண்டாம் குத்தில் இரத்தம் மெல்ல ஏறியது.

“இதுவும் வலிச்சுது” என்றார் அவர், கையைத் தடவிக்கொண்டே.

“வெளியில போய்ச் சொல்லிட்டிருக்காதீங்க” என்று கடுகடுத்தவள், ஸ்டூலைக் காலால் முன்னே இழுத்துக்கொண்டு, அடுத்தவரைக் கூப்பிட்டாள்.